வெல்லம் பூசிய சுவர்

வீட்டுச் சுவருக்கு வெல்லத் தண்ணீர் பூசிய ஆள் அந்நாளைய மலாய் நாட்டுப் பிரிக்பீல்ட்ஸில் ஒருவன்தான் இருந்தான். அவன் நான்தான். வேறு யாராவது இதற்குக் கண், காது, மூக்கு வைத்துச் சொல்வதற்கு முன்னால் நானே ஒப்புக்கொண்டுவிடுகிறேன். குடித்துவிட்டுப் பூசினேன் என்று சொல்லித் தப்பிக்கவும் வழியில்லை. நிதானமாக, ஏணி போட்டு, பாட்டுப் பாடிக்கொண்டு பூசினேன். முடிந்ததும் நாலடி பின்னால் போய், இடுப்பில் கை வைத்து நின்று, "பேஷ்" என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். மாமியார் வருவதற்கு அப்போது மூன்றே நாள் இருந்தது.

எனக்கு ரயில்வே பார்சல் ஆபீசில் கணக்கெழுதும் கிராணி வேலை. குடியிருந்தது ரயில்வே கொடுத்த வீடு. தண்டவாளத்துக்கு முதுகைக் காட்டிக்கொண்டு ஒரே வரிசையாய் நிற்கும் வீடுகளில் ஒன்று. ஒரு கூடம், ஓர் அறை, ஒரு சமையல்கட்டு. எஞ்சின் ஒவ்வொரு தடவை மூச்சு விடும்போதும் எங்கள் வீட்டுக்குள் கரித்தூள் வந்து உட்காரும். பாயில் உட்காரும், சோற்றில் உட்காரும், என் வெள்ளைச் சட்டையில் மட்டும் படுத்தே கிடக்கும்.

கல்யாணமான புதிதில் கிளாங்கிலிருந்து மாமியார் ஒரே ஒரு தரம் வந்தார். காய்ச்சி வைத்த பாலில் கரித்தூள் மிதந்தது. அவர் பாலைப் பார்த்தார், ஜன்னலைப் பார்த்தார். "இது வீடில்லடி, எஞ்சினோட சமையல்கட்டு" என்று மகளிடம் சொல்லிவிட்டு அடுத்த வண்டிக்குக் கிளம்பிவிட்டார்.

என்னிடம் ஒன்றும் சொல்லவில்லை. அவர் வளர்ந்த வழக்கத்தில் மாமியார் மாப்பிள்ளையோடு நேருக்கு நேர் பேசுவதில்லை. எனக்கு ஏதாவது தெரிய வேண்டுமென்றால் மகளிடம் சொல்வார். மகள் பக்கத்தில் இல்லாவிட்டால் கதவு நிலையிடம் சொல்வார். நாங்கள் கிளாங்குக்குப் போகும்போது "மோர் வேணுமான்னு கேளு" என்று நிலையைப் பார்த்து அவர் சொன்னால், நான் நிலைக்குப் பக்கத்தில் போய் நின்று "வேணாம் அத்தை" என்பேன். நாலு வருஷத்தில் எனக்கென்று ஒரு வார்த்தை நேராக விழுந்ததில்லை.

மாமனார் காலமான பிறகு அவர் கிளாங்கிலேயே தம்பி வீட்டில் தங்கினார். தம்பி, தம்பி மனைவி, பிள்ளைகள், போதாததற்குக் கப்பலிலிருந்து இறங்கி "ரெண்டு நாள்" என்று வந்து ரெண்டு வருஷமாகக் கிளம்பாத உறவுக்காரர்கள். அத்தனை பேருக்கும் விடியற்காலையிலிருந்து அடுப்பில் நின்றவர் என் மாமியார். ஒரு தரம் பார்த்துவிட்டு வந்த என் மனைவி மூன்றாம் நாள், "அம்மா கையெல்லாம் சுட்ட தழும்பு. இங்க கூட்டிட்டு வந்துரணும்" என்றாள்.

"வரச் சொல்லு."

"சொன்னா வர்ற ஆளா அவங்க? மருமகன் சோத்துல உட்காரமாட்டேம்பாங்க. நம்ம வீட்டைப் பார்த்துட்டு, அவங்களா இருக்கேன்னு சொல்லணும்."

பொங்கலுக்கு வரச் சொல்லிக் கடுதாசி போட்டாள். யாரையோ வைத்து எழுதிய பதில் வந்தது: பொங்கலுக்கு வருகிறேன். சாயங்கால வண்டியில் திரும்பிவிடுவேன். பால் வாங்க வேண்டாம்.

அந்தக் கடைசி வரியை என் மனைவி எத்தனை தரம் படித்தாளோ, மறுநாளே முந்தானையைச் செருகிக்கொண்டு வேலையில் இறங்கினாள்.

இனிமேல் நான் சொல்லப்போவதில் கொஞ்சம் கர்வம் தெரியும். தெரியட்டும். புதிதாக ஒரு சாமான் வாங்காமல் ஒரு வீட்டை இப்படி மாற்ற முடியும் என்று நான் நினைத்ததே இல்லை. கோதுமை மாவு வந்த சாக்குகளைச் சோடா உப்புப் போட்டு வேகவைத்து, அடித்துத் துவைத்து ஜன்னலுக்குத் திரை தைத்தாள். சாக்கில் அச்சடித்திருந்த நீல எழுத்து மூன்று துவைப்புக்கும் அசையவில்லை. "போகலைன்னா இருந்துட்டுப் போகட்டும்" என்று பழைய புடவைக் கரையைப் பிரித்து நூல் எடுத்து, அந்த எழுத்துகளின் மேலேயே கொடியும் பூவுமாகத் தையல் போட்டாள். மாவு மில்காரன் வந்து பார்த்தாலும் தன் பெயரைக் கண்டுபிடித்திருக்க மாட்டான். மண்ணெண்ணெய் டின் வந்த மரப்பெட்டி அலமாரியாயிற்று. டின்னின் வாயை அலை அலையாக மடித்து அதில் துளசி வைத்தாள். சிகரெட் பெட்டிக்குள் இருக்கும் வெள்ளித்தாளை எனக்குத் தெரிந்தவர்களிடமெல்லாம் கேட்டு வாங்கிவரச் சொன்னாள். அதற்காகவே நான் பொழுதெல்லாம் புகைக்கிறவர்களோடு சிநேகம் வைத்துக்கொண்டேன். தாள் பூவாகிச் சாமி படத்துக்கு மாலையாயிற்று. இருமல் எனக்கு மிஞ்சியது.

எல்லாவற்றையும் தூக்கிச் சாப்பிட்டது கதிர்க் கொத்து. பொங்கலுக்கு வாசலில் நெற்கதிர் கட்ட வேண்டும். பிரிக்பீல்ட்ஸில் கதிருக்கு எங்கே போவது? பார்சல் ஆபீசில் வெள்ளைக்காரர் கிளப்புக்குப் போகும் விஸ்கிப் பெட்டிகளில், பாட்டில் உடையாமலிருக்க ஒவ்வொன்றுக்கும் வைக்கோலில் ஒரு சட்டை போட்டிருப்பார்கள். பெட்டி உடைந்து வேறு பெட்டிக்கு மாற்றும்போது அந்தச் சட்டையெல்லாம் குப்பைக்குப் போகும். நான் கேட்டு எடுத்து வந்தேன். அவள் அதைப் பிரித்து, தண்ணீர் தெளித்து நிமிர்த்தி, கோழித் தீனிக்கு வைத்திருந்த நெல்லை ஒவ்வொன்றாய் நூலில் கோத்து நுனியில் சுற்றினாள். வாசலில் தொங்கவிட்ட அரை மணி நேரத்தில் குருவி வந்து கொத்தியது. குருவியே ஏமாந்த பிறகு மனிதர் எம்மாத்திரம்!

இவ்வளவும் நடக்கும்போது நான் சும்மா இருந்திருக்கலாம். இருந்தேனா?

எனக்கு விட்டது சுவர் ஒன்றுதான். "சுண்ணாம்புல கஞ்சித் தண்ணி கலந்து அடிங்க. வேற ஒண்ணும் வேணாம்" என்று தெளிவாகச் சொல்லிவிட்டுத்தான் அவள் கோயிலுக்குப் போனாள். ஆனால் அந்தக் காலத்தில் கோட்டைச் சுவரெல்லாம் சுண்ணாம்பில் வெல்லம் சேர்த்துக் கட்டினார்கள் என்று நான் எங்கேயோ கேட்டிருந்தேன். கோட்டைக்கே தாங்கியது ரயில்வே வீட்டுக்குத் தாங்காதா? பாசார் சந்தையில் மலாய்க்கார அம்மாள் விற்கும், மூங்கில் குழலில் வார்த்த தென்னை வெல்லம் இரண்டு உருளை வாங்கினேன். ஒன்றைச் சுண்ணாம்பில் கரைத்து அடித்தேன். மற்றதைத் தண்ணீராய்க் கரைத்து, காய்ந்த சுவரின் மேல் மினுமினுப்புக்கென்று இன்னொரு பூச்சுக் கொடுத்தேன். இதற்காக ஸ்டேஷனில் விளக்கேற்றுகிற ஆளிடம் ஏணி இரவல் வாங்கி, கூரை வரைக்கும் ஓர் அங்குலம் விடாமல் பூசினேன்.

உண்மையைச் சொல்ல வேண்டும், அழகாகத்தான் இருந்தது. சந்தனம் அரைத்துப் பூசினது மாதிரி ஒரு நிறம், ஒரு பளபளப்பு. என் மனைவியே வாசலில் ஒரு நிமிஷம் நின்றுவிட்டாள். வரிசை வீட்டார் வந்து தொட்டுத் தொட்டுப் பார்த்தார்கள். பக்கத்து வீட்டு எஞ்சின் டிரைவர், "தம்பி, என்ன பெயிண்டு இது? சும்மா சொல்லு லா" என்றார்.

"தொழில் ரகசியம், அண்ணே" என்றேன். அன்று முழுவதும் நான் தரையில் நடக்கவில்லை.

போகி அன்று காலை கூடத்திலிருந்து என் மனைவியின் குரல் வந்தது. "என்னங்க, இங்க வாங்க. சுவர் நடக்குது."

போய்ப் பார்த்தேன். நடந்துகொண்டுதான் இருந்தது. தரையிலிருந்து கூரை வரை எறும்பு. மேலே போகிற வரிசை, கீழே வருகிற வரிசை, வழியில் நின்று குசலம் விசாரிக்கிற கூட்டம். என் மனைவி சுவரில் விரலை வைத்தாள். விரலை நாக்கில் வைத்தாள். பிறகு மெதுவாக என் பக்கம் திரும்பினாள்.

"இனிக்குது" என்றாள்.

"பண்டிகை நாளாச்சே" என்றேன்.

அன்று எனக்குச் சோறு வர மூன்று மணி ஆயிற்று.

ஆனால் அவள் உட்கார்ந்து அழுகிற ஜாதி இல்லை. ஈரத்துணியால் கைக்கு எட்டுகிற உயரம் வரை துடைத்தாள். பளபளப்புப் போய்ச் சுவர் திட்டுத் திட்டாய் நின்றது. தொட்டியடியில் மிஞ்சிய சுண்ணாம்பைக் கலக்கி அதன் மேல் ஒரு தடவு தடவினாள். பிறகு எறும்பு தாண்டாமலிருக்க மஞ்சளைத் தண்ணீரில் குழைத்து, நசுக்கிய தென்னை ஈர்க்கால் தொட்டு, ஈரச் சுவரில் கொடி கொடியாக இழுத்தாள். மஞ்சளாய் இழுத்த கோடு என் கண்ணெதிரே குங்குமச் சிவப்பாய் மாறியது. நான் கத்தியேவிட்டேன்.

"இதுக்கெதுக்கு வாயைப் பிளக்குறீங்க? ஆரத்திக்கு மஞ்சளும் சுண்ணாம்பும்தானே கரைக்கிறோம்? நம்ம கல்யாணத்துல மூணு சுத்துச் சுத்துனாங்களே, தூங்கிட்டா இருந்தீங்க?"

சாயங்காலத்துக்குள் கூடத்தைச் சுற்றிச் சிவப்புக் கொடி ஓடியது. அப்படி ஒரு சுவரைப் பெரிய துரை வீட்டிலும் பார்த்திருக்க முடியாது. எறும்புகள் கொடியைத் தாண்டிக் கீழே இறங்கவில்லை. மேலே, கூரையை ஒட்டின பாதியைப் பிடித்துக்கொண்டன. ஏணியை நான் பெருமையாகத் திருப்பிக் கொடுத்திருந்தேன். விளக்கேற்றுகிறவர் அதைத் தூக்கிக்கொண்டு வேலைக்குப் போய்விட்டார்.

"அவ்வளவு மேல யாரு பார்க்கப் போறா?" என்றேன்.

"எங்கம்மா" என்றாள்.

பொங்கலன்று காலை வண்டியில் மாமியார் வந்தார். கையில் ஒரு குடை, ஒரு சின்ன மூட்டை. வாசலில் கோலத்தைச் சுற்றி வந்து கதிர்க் கொத்தைப் பார்த்தார். "எந்த ஊர்க் கதிருன்னு கேளுடி" என்றார் மகளிடம்.

"கொஞ்சம் தூரம், அத்தை" என்றேன். விஸ்கி எந்த ஊரிலிருந்து வருகிறது என்பதை அப்போது சொல்லத் தோன்றவில்லை.

உள்ளே வந்து திரைச்சீலையைப் பார்த்தார். முன்பக்கத்தைப் பார்த்தால் போதாதென்று திருப்பிப் பின்பக்கத்துத் தையலையும் பார்த்தார். பின்பக்கமும் முடிச்சுத் தெரியாமல் இருந்தது. அலமாரியைத் தடவினார். சிவப்புக் கொடியைப் பார்த்தபோது அவர் உதடு லேசாக விரிந்தது. காப்பி கொடுத்தோம். தம்ளரை வெளிச்சத்தில் சாய்த்து வெகுநேரம் பார்த்தார். அந்த நேரம் பார்த்து ஓர் எஞ்சின் வேறு போனது. திரை அசைந்தது. தம்ளரில் ஒரு துளி கரி இல்லை. குடித்தார். நான் ரயில்வேக்கே முதலாளி ஆனவன் மாதிரி உட்கார்ந்திருந்தேன்.

பொங்கல் பொங்கி, சாப்பாடு முடிந்ததும் அவர் சொன்னார்: "நல்லா வச்சிருக்கேடி. ஒரு குறையும் இல்லே."

என் மனைவியின் முகம் மலர்ந்தது.

"நான் இருந்து செய்ய இங்க ஒண்ணுமில்லே. நிம்மதியாப் போறேன்" என்று குடையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டார்.

மலர்ந்த முகம் அப்படியே விழுந்தது. அவள் எழுந்து சமையல்கட்டுக்குப் போனாள். பாத்திரம் கழுவுகிற சத்தம் மட்டும் வந்தது, தேவைக்கு மேலேயே. பாடுபட்டு வீட்டைச் சீராக்கினது அவரை வழியனுப்பத்தானா? கூடத்தில் நான், மாமியார், கதவு நிலை. ஆக மூன்று பேர்.

அப்போது மேலேயிருந்து ஓர் எறும்பு அவர் குடையின் மேல் விழுந்தது. அடுத்து இன்னொன்று. அவர் அண்ணாந்து பார்த்தார். நெடுநேரம் பார்த்தார்.

"மேல என்ன ஊர்வலம்னு கேளு" என்றார் நிலையிடம்.

இனி மறைத்து என்ன? நானும் நிலையைப் பார்த்தே சொன்னேன். "வெல்லம், அத்தை."

"சுவருக்கா?"

"கோட்டையெல்லாம் அப்படித்தான் கட்டினாங்களாம். பளபளன்னு இருக்கட்டுமேன்னு மேல ஒரு பூச்சும்..." மீதியை நிலைக்குக்கூடச் சொல்ல முடியவில்லை.

அவர் முந்தானையால் வாயை மூடிக்கொண்டார். தோள் குலுங்கியது. அழுகிறாரோ என்று பயந்து மனைவியைக் கூப்பிட்டேன். அவள் ஓடி வந்தாள். மாமியார் கண்ணைத் துடைத்துக்கொண்டே, "ஏண்டி, இந்த மனுஷனை வச்சுக்கிட்டா நீ தனியாக் குடித்தனம் பண்றே?" என்றார். சிரித்துச் சிரித்து அவருக்கு இருமல் வந்துவிட்டது.

பிறகு குடையை மூலையில் சாத்திவிட்டு எழுந்தார். "சுண்ணாம்பு இருக்கா? தேங்காய் நார் இருக்கா? ஏணி எங்கேன்னு கேளு."

நான் ஸ்டேஷனுக்கு ஓடினேன். பண்டிகை நாளில் ஏணி தூக்கிக்கொண்டு ஓடுகிறவனை வரிசையே வேடிக்கை பார்த்தது. டிரைவர் அண்ணன் வீட்டில் சுண்ணாம்பு கிடைத்தது. "ரகசியம் கரைஞ்சு போச்சா, தம்பி?" என்று கேட்டுக்கொண்டே கொடுத்தார்.

ஐம்பதைத் தாண்டிய என் மாமியார் புடவையை இழுத்துச் செருகிக்கொண்டு ஏணியின் மேற்படிக்கு ஏறினார். என் மனைவி கீழேயிருந்து சுண்ணாம்பு எடுத்துக் கொடுத்தாள். நான் ஏணியைப் பிடித்துக்கொண்டு, தலையில் வழிந்த சுண்ணாம்பைத் துடைக்கவும் கையில்லாமல் நின்றேன். அவர் அடித்த இடத்தில் துணியை நீட்டி இழுத்துப் பிடித்ததுபோல் ஒரு வெண்மை. மூன்று சுவர் முடிந்தது. நாலாவதில் பாதி இருக்கும்போது கிளாங் வண்டி பிளாட்பாரத்துக்கு வருகிற ஊதல் கேட்டது. என் மனைவி கையிலிருந்த சட்டியோடு அப்படியே நின்றாள். 'இரும்மா' என்று அவள் வாய்விட்டுக் கேட்கமாட்டாள் என்று எனக்குத் தெரியும்.

"அத்தை, வண்டி வந்துருச்சு" என்றேன், வழக்கம்போல் நிலையைப் பார்த்து. "குடையை எடுத்து வைக்கட்டுமா?"

மாமியார் கையை நிறுத்தினார். குனிந்து, நிலையை விட்டுவிட்டு, நேராக என் முகத்தைப் பார்த்தார்.

"ஏணியை ஆட்டாமப் பிடிங்க."