பௌர்ணமிக்கு விடும் வீடு

வாய்மை என்னும் அறம் உள்ளங்கையில் ஏற்றிய கற்பூரத்தை ஒக்கும். காண்பார்க்கு ஒளி, ஏந்தினார்க்குச் சூடு. அச்சூட்டைப் பல்லாண்டு தாங்கியவர் உண்ணாமலை. கீழ்பென்னாத்தூரில் பிறந்து, கணவரை இழந்தபின் மகள் ஆர்த்தியோடு திருவண்ணாமலைக்கு வந்து, ஆசிரமத்தை அடுத்த விடுதியொன்றில் சமையல் செய்து வாழ்பவர்.

செங்கம் சாலையின் கிளைத்தெருவில், மாடியில், ஒற்றைப் படுக்கையறை வீடு. அப்பகுதி அறைகள் நாள்வாடகைக்கு வெளியூரார்க்கே போகும். மாதவாடகைக்குக் கிடைப்பது அரிது. ஆதலால் வீட்டுக்காரர் சக்கரவர்த்தி ஒரு நிபந்தனையோடு தந்தார். பௌர்ணமிதோறும் ஓரிரவு காலிசெய்து கொடுக்கவேண்டும்; கிரிவலம் வருவோர்க்கு அவர் அதை விடுவார். உண்ணாமலை மலைநோக்கிக் கைகூப்பி, "வுட்டுடறேங்க, இந்த மலையே சாட்சி" என்றார். மலையைச் சாட்சி வைத்தபின் மீள வழியேது?

அன்றுமுதல் பௌர்ணமி இரவுகளில் தாயும் மகளும் துணிப்பையோடு மலையைச் சுற்றினர். படுக்க இடமின்மையால் நடந்தனர். அடி அண்ணாமலைக் கடையோரம் சற்றே அமர்ந்து, மீண்டும் நடந்தனர். மகள் மணமாகிச் சென்றபின் தாய் தனியே நடந்தார். தெருவிலோ பெரும்பக்தை என்று பெயர்.

"ஒரு பௌர்ணமி வுடமாட்டாங்க, இன்னா பக்தி!" என்பார் பூக்காரி சரசு.

உண்ணாமலை தலைகுனிவார். அந்தப் புகழ்தான் நடையினும் வலித்தது.

ஆர்த்தி தலைப்பிரசவத்துக்குத் தாய்வீடு வந்தாள். பெண்குழந்தை. மருத்துவமனையிலிருந்து வீடுசேர்ந்த மறுநாள் பௌர்ணமி. பச்சையுடம்புக்காரியை எங்கே அழைத்துச் செல்வது? பிறந்த ஊரில் தம் தங்கை வீட்டில் திருவிழாவுக்குக் காப்புக் கட்டியிருந்தனர். பிள்ளைபெற்ற தீட்டோடு அவ்வாசலை மிதித்தலாகாது. உண்ணாமலை சக்கரவர்த்தியிடம் சென்றார்.

"அண்ணா, கொழந்த பொறந்த வீடு. கிரிவலம் வர்றவங்க எப்டி தங்குவாங்க?"

"ஆந்திராலருந்து வேன் கெளம்பிடுச்சும்மா. கழுவி வுட்டு சாம்பிராணி போட்டா யாருக்குத் தெரியப்போவுது?"

"கழுவி வுடறேன். வீட்டையும் வுடறேன். கேட்டாங்கன்னா இல்லைன்னு மட்டும் சொல்லமாட்டேன்."

"யாரு கேக்கப்போறா? வாயைத் தொறக்காம இருங்க, போதும்."

மாலையில் தரை கழுவப்பட்டது, சாம்பிராணியும் புகைந்தது. இரவை மாடிப்படியிலேயே கழிப்பதென்று முடிவு. பழஞ்சேலையை நான்காக மடித்து விரித்து மகளை அமர்த்தினார்.

"ஏம்மா, மலை எழுந்து வந்தா கேக்கப்போவுது? கதவைச் சாத்திக்கினு உள்ளயே இருக்கலாம்மா."

"வாக்கு குடுத்துட்டேனேடி."

வேன் வந்தது. மூட்டையோடு படியேறிய, தமிழறிந்த மூத்த அம்மையார் குழந்தையைக் கண்டு நின்றார்.

"ஐயோ, சின்னப் பாப்பா! எந்த வீட்டுதும்மா?"

"கீழ்வீட்டுதுங்க" என்று முந்தினார் சக்கரவர்த்தி.

உண்ணாமலை எழுந்தார். "எங்க பாப்பாங்க. இந்த வீட்லதான் இருந்துச்சு. இன்னும் தீட்டு கழியலைங்க."

அம்மையார் குழந்தையைத் தொடாமல், இருந்த இடத்திலிருந்தே கைகுவித்து வாழ்த்தினார்; மூட்டையைத் திருப்பினார். பிறர் பின்தொடர்ந்தனர். வேன் வேறு தங்குமிடம் தேடிச் சென்றது.

சக்கரவர்த்தி சாவியைப் படியில் எறிந்தார். "உங்க வாயில ஒரு பொய் கூட வராதா? உள்ள போய்க் கெடங்க. அடுத்த பௌர்ணமிக்குப் பேச்சு மாறக்கூடாது. கொழந்தையோ குட்டியோ, வெளிய இருக்கணும்."

"மாறமாட்டேங்க" என்றார் உண்ணாமலை.

ஆண்டுகளுக்குப்பின் முதன்முறையாக நிறைமதி நாளில் அவர் தம் பாயில் படுத்தார். உறக்கம் வரவில்லை. தெருவில் ஓயாது காலடிகள்; அடுத்த மாதம் அவற்றுள் கைக்குழந்தையோடு மகளும் நடக்கவேண்டுமே என்று விழித்துக் கிடந்தார்.

விடிந்ததும் சரசு கேட்டார்: "இன்னாங்க, நேத்து கிரிவலத்துல காணோம்?"

"வீட்ல இருந்தேங்க" என்றார். சற்றே நின்று, அச்சொல்லின் சுவைக்காகவே மீண்டும் சொன்னார்: "எங்க வீட்லதான் இருந்தேன்."

அண்ணாமலை அண்ணலே, உண்ணாமுலை உடனாய ஐயனே! உன்னைச் சாட்சி வைத்தவளை நீயே விடுவித்தருள்க. தாயும் மகளும் பேத்தியும் நிறைமதி இரவில் கதவை உள்ளிருந்து தாழிட்டு அச்சமின்றித் துயில்க, விரும்பிய நாளில் மட்டும் உன்னை வலம்வருக, அக்குடி வாழ்க.