மூன்று ஸ்லாபும் ஒன்றரை வாளித் தண்ணீரும்

கட்டட வேலையில் இருந்த பதினெட்டு வருஷமும் அக்காவுக்கு ஒரே வேலைதான். புதிதாகப் போட்ட கான்கிரீட் காய்ந்துவிடாமல் பார்த்துக்கொள்வது. காலை ஆறு, மதியம் பன்னிரண்டரை, மாலை ஐந்து என்று மூன்று வேளையும் தண்ணீர் ஊற்றி, மேலே ஈரச் சாக்கை விரிப்பாள். கொத்தனார்கள் அவளுக்கு 'சாக்கு அக்கா' என்றே பெயர் வைத்திருந்தார்கள். அவள் கவனித்த தளத்தில் மயிரிழை விரிசல்கூட விழாது என்று மேஸ்திரி சொல்வார். யாரையும் லேசில் பாராட்டிவிடுகிற மனிதர் இல்லை அவர்.

எட்டாம் வகுப்போடு படிப்பை நிறுத்தியவள், தம்பியை நிறுத்த விடவில்லை. முதுகுவலி வந்த பிறகு பல்கலைக்கழகத்தின் கட்டடப் பொறியியல் ஆய்வுக்கூடத்தைப் பெருக்கித் துடைக்கும் வேலைக்குச் சேர்ந்தாள். இரண்டு வருஷம் கழித்து அதே கூடத்துக்குத் தம்பி ஆராய்ச்சி மாணவனாக வந்தான். "இங்க நான்தான் உனக்கு சீனியர். செருப்பைக் கழட்டி வெச்சுட்டு உள்ள வா" என்று முதல் நாளே சொல்லிவிட்டாள்.

தம்பியின் ஆராய்ச்சி, தண்ணீர் ஊற்றவே தேவைப்படாத கான்கிரீட்டைப் பற்றியது. பொடித் துளைகள் உள்ள கற்களை ஊறவைத்துக் கலவையில் சேர்ப்பார்கள். அவை உள்ளே இருந்தபடியே கொஞ்சம் கொஞ்சமாக ஈரத்தை விடும். எல்லோரும் இப்படிக் கட்டினால் எவ்வளவு தண்ணீர் மிச்சமாகும் என்று சாப்பிடும்போது அவன் விளக்கினான்.

"என் பொழப்புல மண்ணைப் போடத்தான் உன்னைப் படிக்க வெச்சேனா?" என்று அவள் சிரித்தாள். ஆனால் அவன் சொன்னதை நம்பவில்லை. பசிக்கவில்லை என்று சொல்லும் பிள்ளையின் பேச்சை எவ்வளவு காதில் வாங்குவாளோ, இதையும் அவ்வளவுதான் வாங்கினாள்.

கூடத்தின் பின்முற்றத்தில் அவன் அந்தக் கலவையில் மூன்று ஸ்லாப் போட்டான். ஒவ்வொன்றுக்குள்ளும் ஈரத்தை அளக்கும் சென்சார் இருந்தது. மறுநாள் வெளியூரில் கருத்தரங்கு என்று கிளம்பினான். திரும்ப நான்கு நாளாகும்.

முதல் நாள் அவள் பொறுத்துக்கொண்டாள். இரண்டாம் நாள் வெயில் ஏறியதும் ஒரு ஸ்லாபின் மேல் உள்ளங்கையை வைத்துப் பார்த்தாள். சுட்டது. பச்சைக் கான்கிரீட் இப்படிக் காய்வதைப் பார்த்துக்கொண்டு நிற்க மனசு கேட்கவில்லை. வாளியை எடுத்துவிட்டாள். அன்று மதியத்திலிருந்து அவன் திரும்பும் வரை ஒரு வேளையும் தவறவில்லை. பிள்ளை ஊரில் இல்லாத நேரத்தில் அவன் வேலை கெட்டுப்போகாமல் காப்பாற்றினோம் என்று அவளுக்கு நிம்மதியாக இருந்தது.

ஞாயிற்றுக்கிழமை மாலை தம்பி வாயெல்லாம் பல்லாக வீட்டுக்கு வந்து சேர்ந்தான். பையைக்கூட இறக்காமல் மடிக்கணினியைத் திறந்தான்.

"ஈரம் இறங்கவே இல்லக்கா. நாங்க நினைச்சதைவிட ரெண்டு மடங்கு நிக்குது. நாளைக்குக் காலையில மேடம்கிட்ட காட்டிட்டா, இந்த மாசமே கட்டுரையை அனுப்பிடலாம்." பிறகு திரையில் ஈரத்தைக் காட்டிய கோட்டின் மேல் விரலை வைத்தான். "இந்தச் சின்னச் சின்ன மேடு மட்டும் என்னன்னு தெரியல."

மேடம் என்றது அவனுடைய பேராசிரியரை. அக்கா குனிந்து பார்த்தாள். கோடு மேலேறிய இடங்களுக்குக் கீழே மணி போட்டிருந்தது. ஆறு. பன்னிரண்டரை. ஐந்து.

வாயை மூடிக்கொண்டால் நாளைக்கு அவனைப் பாராட்டுவார்கள். பொய்க்குக் கிடைக்கும் பாராட்டு. சொன்னால் இந்த முகம் வாடிப்போகும். அன்று இரவு அவள் பாத்திரங்களை இரண்டு தடவை தேய்த்தாள்.

காலையில், பேராசிரியர் வருவதற்கு முன்பே அவனைப் பின்முற்றத்துக்குக் கூட்டிப்போனாள்.

"ஈரத்தை உன் கல்லு காக்கலடா. நான்தான் தண்ணி ஊத்தினேன்."

அவன் கவிழ்த்துப் போட்டிருந்த வாளியின் மேல் உட்கார்ந்துவிட்டான்.

"எனக்கு ஒரு போன் பண்ணிக் கேட்டிருக்கலாமேக்கா."

"கேட்டா வேண்டாம்னு சொல்லியிருப்ப."

அவனுக்குக் கோபத்தோடு சிரிப்பும் வந்தது. எவ்வளவு ஊற்றினாள் என்று கேட்டான். பன்னிரண்டு லிட்டர் வாளி, ஸ்லாபுக்கு ஒன்றரை வாளி, ஆக ஒவ்வொன்றுக்கும் வேளைக்குப் பதினெட்டு லிட்டர், மொத்தம் எட்டு வேளை என்று தடங்கலில்லாமல் சொன்னாள். அவன் எழுந்து நேராகப் பேராசிரியரின் அறைக்குப் போனான்.

அந்த அம்மாள் திட்டவில்லை. எல்லாவற்றையும் மறுபடி வார்க்கச் சொன்னார். கூடவே, ஊறவைத்த கல் சேர்க்காமல், வழக்கப்படி தண்ணீர் ஊற்றிப் பராமரிக்க நான்காவதாக ஒரு ஸ்லாபும் போடச் சொன்னார். ஒப்பிட்டுப் பார்க்கலாம், அதை அக்காவே கவனிக்கட்டும் என்றார். அந்த மாதம் கட்டுரை போகவில்லை.

இருபத்தெட்டு நாள் அக்கா வாளியோடு மூன்று காய்ந்த ஸ்லாபுகளைத் தாண்டித் தன் ஸ்லாபுக்குப் போனாள். போகும்போது முகத்தைத் திருப்பிக்கொள்வாள். "அதுங்க கேட்டாலும் குடுத்துடாதீங்க" என்று காவலாளி கிண்டல் செய்வார்.

கடைசி நாள் நான்கையும் அறுத்து, துண்டுகளை இயந்திரத்தில் வைத்து நசுக்கிப் பார்த்தார்கள். அக்காவின் ஸ்லாப் கொஞ்சம் கூடுதலாகத் தாங்கியது. மற்ற மூன்றும் அதற்கு மிக அருகில் வந்துவிட்டன.

"நீதான்க்கா ஜெயிச்ச."

"போடா. ஒரு சொட்டுத் தண்ணி காட்டாம உன்னோடது இவ்வளவு தாங்கியிருக்கு." அன்று மாலைக்குள் காவலாளியிலிருந்து நூலகர் வரை எல்லோரிடமும் அவள் இதைச் சொல்லியிருந்தாள்.

கட்டுரையை எழுதி முடித்ததும் தம்பி அவளுக்குத் தமிழில் சொல்லிக்கொண்டே வந்தான். நான்காவது ஸ்லாபுக்குத் தினமும் மூன்று வேளை, வேளைக்குப் பதினெட்டு லிட்டர் என்ற இடத்தில் அவள் கையைக் காட்டி நிறுத்தினாள்.

"பதினோராம் நாள் மத்தியானம் வாளி சாய்ஞ்சு ரெண்டு லிட்டர் கீழ போயிடுச்சு. பிடிச்சு ஊத்தலாம்னா குழாய்ல தண்ணி வரல. அந்த வேளைக்குப் பதினாறுதான். அதையும் எழுது."

"ரெண்டு லிட்டர்தானேக்கா."

"எழுது."

அவன் எழுதி முடித்து, அந்த வரியைப் படித்துக் காட்டும் வரை அவள் எழுந்திருக்கவில்லை.