நாற்பத்தொன்றாவது வாக்கியம்

நம்புவதும் நம்பாததும் உங்கள் இஷ்டம். நடந்தது நடந்ததுதான். அந்த ஒலிப்பதிவு இன்னும் என்னிடம் இருக்கிறது. பக்கத்தில் ஆள் இல்லாமல் நான் அதைத் திறப்பதில்லை.

ஆங்கில வாக்கியங்கள் எழுதுவது என் வேலை. பேச்சு ஆங்கிலத்தின் நாற்பத்து நான்கு சத்தங்களும் அவற்றுக்குள் வந்துவிட வேண்டும். ஒருவர் அவற்றை வாசித்துக் கொடுத்தால், பிறகு கணினி அவர் குரலிலேயே எதையும் பேசும். போன வாரம் வந்த ஓர் இங்கிலீஷ் டீச்சருக்குத் தொண்டையில் புற்றுநோய். குரல்வளையையே எடுக்கப்போகிறார்கள்.

"என் பொண்ணுக்கு அஞ்சு வயசுதான் சார். என் குரல் அவளுக்கு மறந்துடக் கூடாது" என்றார்.

நாற்பது வாக்கியங்கள் எழுதி அனுப்பினேன். வியாழக்கிழமை மாலை நான்கு மணிக்கு வரச் சொன்னேன்.

4:10. நிமிர்ந்து பார்த்தேன். பதிவு அறைக் கண்ணாடிக்கு அந்தப் பக்கம் உட்கார்ந்திருந்தார். கழுத்தைச் சுற்றிச் சால்வை. எப்போது வந்தார்? கதவுச் சத்தம் கேட்கவே இல்லை...

"தண்ணி வேணுமா டீச்சர்?"

"வேணாம். ஆரம்பிக்கலாம்."

போன வாரம் கரகரத்த குரல். இன்று கணீரென்று இருந்தது.

பத்தாவது வாக்கியத்தில்தான் எனக்கு உறைத்தது. ஹெட்போனில் மூச்சுச் சத்தமே இல்லை. வாசிக்கிற எல்லோரும் நடுவில் மூச்சு இழுப்பார்கள். அதை வெட்டி எடுப்பதுதான் என் பாதி வேலை. இங்கே வெட்ட ஒன்றுமே இல்லை.

இருபது... முப்பது... தாளைக்கூடப் புரட்டவில்லை.



4:40. நாற்பதும் முடிந்தது.

"ஒரு சத்தம் விட்டுப்போச்சு சார்."

பட்டியலைப் பார்த்தேன். உண்மைதான். 'ட்ரெஷர்' என்ற சொல்லின் நடுவே வரும் மெல்லிய சத்தம். எதிலும் இல்லை.

அவரே சொன்னார். மிக மெதுவாக.

"யூ ஆர் மை ட்ரெஷர்."

'நீதான் என் பொக்கிஷம்.' மகளுக்கு. குனிந்து எழுதிக்கொண்டேன். நிமிர்ந்தேன்.

நாற்காலி காலி.

வாசல் கதவு... உள்பக்கம் தாழிட்டபடியே இருந்தது.

4:55. போன். அவர் கணவர்.

"மன்னிச்சுக்கங்க சார். இன்னிக்கு வர முடியாதுன்னு சொல்லவே மறந்துட்டேன். ரொம்ப மோசமாயிடுச்சு. நேத்தே ஆபரேஷன் பண்ணி குரல்வளையை எடுத்துட்டாங்க."

காலி நாற்காலியைப் பார்த்துக்கொண்டே கேட்டேன்.

"டீச்சர் இப்ப..."

"போயிட்டா சார். கால் மணி நேரம்கூட ஆகல."

அழுதார். பிறகு அவராகவே சொன்னார்.

"கடைசி அரை மணி நேரம் நினைவே இல்ல சார். ஆனா உதடு மட்டும் அசைஞ்சுகிட்டே இருந்துச்சு. சத்தம் இல்ல. யாருக்கோ எதையோ படிச்சுக் காட்டுற மாதிரி இருக்குன்னு நர்ஸ் சொன்னாங்க..."