நாற்பத்து மூன்று வயதுச் சின்னப்பிள்ளை

இளமையாகத் தெரிவது வரம் என்று சொல்கிறவர்கள் ஒரு நாள் என் முகத்தை இரவல் வாங்கிக்கொண்டு கறம்பக்குடி பஸ்ஸில் ஏறிப் பார்க்கட்டும். கண்டக்டர், "பாப்பா, உள்ள தள்ளிப் போ" என்பார். மகனைக் கல்லூரியில் சேர்க்கப் போன இடத்தில், அம்மா வராமல் அக்காவை அனுப்பியிருக்கிறார்களே என்று கேட்டார்கள். எனக்கு வயது நாற்பத்து மூன்று. குள்ளம், ஒல்லி, நரைக்காத முடி. எல்லாம் அம்மா வழிச் சீதனம். சிரித்துவிட்டுப் போகலாம்தான். ஆனால் நான் கிராமத்து நர்ஸ். என் பேச்சை நாலு பேர் கேட்டால்தான் என் வேலை நடக்கும்.

இன்னொன்றும் உண்டு. என் கணவர் இறந்து ஆறு வருடம் ஆகிறது. கழுத்தில் தாலி இல்லை, காலில் மெட்டி இல்லை. முகத்தில் வயது தெரிந்திருந்தால் பார்த்தவுடன் புரிந்துகொண்டிருப்பார்கள். தெரியாததால், மாற்றலாகி வந்த புது ஊரில் என்னைக் கல்யாணம் ஆகாதவள் என்றே முடிவு கட்டிவிட்டார்கள். யாரும் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை. புருஷன் இல்லாதவள் என்று தெரிந்த முந்தின ஊரில், இந்த முகத்தை வைத்துக்கொண்டு தனியாக இருக்கிறாளே என்று வாய் கூசாமல் பேசினார்கள். அது போதும் எனக்கு.

வந்த இரண்டாம் வாரம், ஞாயிற்றுக்கிழமை, பக்கத்து வீட்டில் வளைகாப்பு. ஒன்பது மாதக் கர்ப்பிணியான அந்த வீட்டு மருமகள் திருப்பூரில் புருஷனோடு இருந்தவள்; முந்தின நாள்தான் ஊருக்கு வந்திருந்தாள். விசேஷம் எதற்கும் போகாத என்னை அவளுடைய மாமியார் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போனார். ஓரமாக உட்கார்ந்தேன். விட்டால்தானே? வளைகாப்பு வளையலைப் போட்டுக்கொண்டால் கல்யாணமாகாத பெண்ணுக்குச் சீக்கிரம் வரன் அமையும் என்பார்கள். பச்சையும் சிவப்புமாக என் இரண்டு கையிலும் கண்ணாடி வளையலை மாட்டிவிட்டு, "அடுத்த வருசம் நீயும் இப்புடி மணையில உக்காரணும்" என்று வாழ்த்தினார். எனக்கு எழுந்து ஓடிவிடலாம் போல இருந்தது.

பிறகு மருமகளுக்குப் போடத் தொடங்கினார்கள். வளையல் கையில் ஏறவில்லை. கடைக்காரன் அளவு மாற்றிக் கொடுத்துவிட்டான் என்று திட்டிக்கொண்டே எண்ணெய் தடவி அழுத்தினார்கள். இரண்டு ஏறியது, மூன்றாவது நின்றுவிட்டது. எல்லோரும் சிரித்தார்கள். நான் அந்தக் கையையே பார்த்துக்கொண்டிருந்தேன். விரல்கள் உப்பி மினுங்கின. கண்ணிமையும் வீங்கியிருந்தது. தண்ணீர் கொடுக்கிற சாக்கில் கிட்டப் போய் விசாரித்தேன். காலையிலிருந்து தலை பிளக்கிறது, எதிரே இருப்பவர்கள் மங்கலாகத் தெரிகிறார்கள் என்றாள். ஓடிப்போய் பி.பி. மெஷினை எடுத்து வந்து பார்த்தேன். நூற்றெழுபதுக்கு நூற்றுப்பத்து. எந்த நிமிடமும் வலிப்பு வரலாம். வந்தால் தாயும் பிள்ளையும் பிழைப்பது நிச்சயமில்லை.

ஆம்புலன்சுக்குப் போன் செய்துவிட்டு மாமியாரிடம் சொன்னேன். அவருக்குக் கோபம் வந்துவிட்டது.

"மாசமா இருந்தா கை கால் வீங்கத்தான் செய்யும். நாங்கல்லாம் பெக்கலையா? கல்யாணம் ஆகாத புள்ள, ஒனக்கு என்ன தெரியும்? அங்கிட்டுப் போயி உக்காரு."

எமகண்டம் தொடங்கிவிட்டது, ஒன்றரை மணி தாண்டாமல் நிறைமாதப் பெண்ணை வாசல்படி தாண்டவிட மாட்டேன் என்றார். பதினெட்டு வருடமாகப் பிரசவம் பார்க்கிறேன் என்றேன். பள்ளிக்கூடத்துப் பையோடயே ஊசியும் கொண்டு போனியாக்கும் என்று ஒருத்தி கேட்க, மறுபடியும் சிரிப்பு. பெண்ணைப் பெற்ற தாய் மகள் முகத்தையும் சம்பந்தி முகத்தையும் மாறி மாறிப் பார்த்தார். வாசலில் ஆம்புலன்ஸ் வந்து நின்றது. மணையில் இருந்தவள் மேல்வயிற்றைப் பிடித்துக்கொண்டு குனிந்தாள்.

சொல்வதற்கு என்னிடம் ஒன்றுதான் மிச்சம் இருந்தது. வளைகாப்புச் சபையில் அதைச் சொன்னால் என்ன ஆகும் என்பதும் தெரியும். சொன்னேன்.

"எனக்கு நாப்பத்து மூணு வயசு. எம்மவன் காலேஜ் படிக்கிறான். புருசன் செத்து ஆறு வருசம் ஆச்சு. இந்தப் புள்ளைய இப்பக் கூட்டிட்டுப் போகலைன்னா ரெண்டு உசுரு போயிரும்."

சிரிப்பு நின்றது. தட்டிலிருந்த குங்குமத்தை ஒருத்தி நகர்த்தி வைத்தாள். மாமியாரின் கண் என் கைகளுக்குப் போனது. அவரே மாட்டிவிட்ட வளையல்கள். முகம் கறுத்துப்போயிற்று. பெண்ணைப் பெற்றவர் எழுந்தார்.

"அதான் விசேசம் கெட்டுப்போச்சுல்ல. இனி எமகண்டம் பாத்து என்ன ஆவப்போவுது?" என்றவர் மகளைத் தோளோடு அணைத்துத் தூக்கினார். நான் மறுபக்கம் பிடித்துக்கொண்டேன்.

புதுக்கோட்டை போகும் வழியில் அவளுக்கு ஒரு தடவை வலிப்பு வந்துவிட்டது. அவளைப் பக்கவாட்டில் சாய்த்துப் பிடித்துக்கொண்டு, கும்பிடாத சாமியை எல்லாம் கும்பிட்டேன். பெரிய ஆஸ்பத்திரியில் நேராக ஆபரேஷனுக்குக் கொண்டு போனார்கள். பெண் குழந்தை. இரண்டு உயிரும் தப்பியது.

சாயங்காலம், அவளுக்கு நினைவு திரும்புகிறது, ஒருவர் மட்டும் உள்ளே வரலாம் என்றார்கள். பெற்றவர் குழந்தையைப் பார்க்கப் போயிருந்தார். நான் எழுந்தேன். அதுவரை என் பக்கம் திரும்பாமல் உட்கார்ந்திருந்த மாமியார் பின்னாலேயே வந்தார். முதல் தடவையாக எனக்கு மரியாதை கொடுத்துப் பேசினார்.

"வளையலக் கழட்டிராம போங்க. புள்ள கண்ணு முழிக்கயில வெறுங்கையோட நிக்க வேணாம்."

அவர் குரலில் வெறுப்பு இல்லை. கெஞ்சல்தான் இருந்தது. அதுதான் எனக்கு இன்னும் சுட்டது. வளையல்களை ஒவ்வொன்றாகக் கழற்றி அவர் உள்ளங்கையில் வைத்துவிட்டு உள்ளே போனேன்.

அவள் கையிலும் வளையல் இல்லை. வீக்கத்தில் கழற்ற வராமல், ஆபரேஷனுக்கு முன்பு உடைத்து எடுத்திருந்தார்கள். கண்ணைத் திறந்தவள் என்னை அடையாளம் கண்டுகொண்டாள். அந்த வெறுங்கையை நீட்டி என் கையைப் பிடித்தாள்.

"அக்கா, கொழந்த அழுதுச்சா?"

"வார்டே கேக்குற மாதிரி அழுதுச்சு" என்றேன்.