நான் நீக்கிய பெயர்

கடலுக்குப் போய்த் திரும்பாத மகனை நினைத்து பொம்மையார்பாளையத்து மீனவப் பெண் ஒருவர் பாடிய ஒப்பாரியை ஆங்கிலத்தில் மொழிபெயர்த்தேன். ஆய்விதழில் அது வெளியானதும் எடுத்துக்கொண்டு போய், அவருக்கு அதைத் தமிழில் சொல்லிக் காட்டினேன்.

முழுக்கக் கேட்டுவிட்டு, "எம்புள்ள பேரே வரலியேங்க?" என்றார்.

அவர் வரிக்கு வரி 'குமாரு' என்று பாடியிருந்தார். நான்தான் நீக்கியிருந்தேன்.

"ஒரே பேரு திரும்பத் திரும்ப வந்தா படிக்கிறவங்களுக்குச் சலிப்பா இருக்கும்மா."

அவர் கோபப்படவில்லை. "கூப்ட்டுக்கினே இருந்தா வந்துடுவான்னுதாங்க கூப்ட்டேன்."

எனக்கு அழுகைகூட வரவில்லை. அவர் கொடுத்த டீயைக் குடித்துவிட்டு விழுப்புரத்துக்குப் பஸ் ஏறினேன்.

கச்சிதமான மொழிபெயர்ப்பு என்று இன்றும் சிலர் சொல்கிறார்கள். தலையாட்டிக்கொள்கிறேன். அதில் யாரும் யாரையும் கூப்பிடவில்லை.