இரண்டாவது மாமன்

பொன்மலை ரயில்வே குவார்ட்டர்ஸில் மாரியாயியைத் தெரியாதவர்கள் இல்லை. கல்யாணமோ காதுகுத்தோ, அவள் ஏற்பாடு செய்தால் எதற்கும் ஒரு மாற்று கையில் இருக்கும். மழை வந்தால் தார்ப்பாய், சமையல்காரன் கைவிரித்தால் கூப்பிட இன்னொருவன். சாமர்த்தியசாலி என்று எல்லாரும் மெச்சினார்கள். அது வன்மம் என்பது அவளுக்கு மட்டும்தான் தெரியும்.

காரணம், கூடப்பிறந்த அண்ணன் வீரமலை. ஆயிரத்துத் தொள்ளாயிரத்து ஐம்பத்தெட்டில் மாரியாயியின் மூத்த மகளுக்குக் கல்யாணம். தாய்மாமன் மாலை போட்டுக் கையைப் பிடித்து அழைத்து வராமல் பெண் மணவறை ஏறக் கூடாது. தன் மகனுக்குப் பெண் தரவில்லை என்ற கடுப்பில் வீரமலை தெருமுனை டீக்கடையில் போய் உட்கார்ந்துகொண்டான். முகூர்த்தம் தப்பப் பார்த்தது. கடைசியில் மாரியாயியின் புருஷன் மருதை, ஒர்க்‌ஷாப் ஆட்கள் அத்தனை பேரும் பார்க்க, அவன் காலில் விழுந்தார். அதன் பிறகுதான் வீரமலை துரை டீ டம்ளரைக் கீழே வைத்துவிட்டு எழுந்தார்.

நினைக்கும்போதெல்லாம் அவளுக்கு வயிறு எரிந்தது. அந்த ஒருவனை மட்டும் நம்பிய தன் புத்தியை நினைத்தும் எரிந்தது.

அறுபத்து நாலில் இரண்டாவது மகளுக்கு நிச்சயமானது. முதல் பத்திரிகையை அண்ணனுக்கே வைத்தாள், குறை சொல்ல இடமில்லாதபடி. அப்படியே மண்ணச்சநல்லூர் போய், சித்தப்பா மகன் தர்மராஜுக்கும் வெற்றிலை பாக்கு வைத்தாள். அண்ணன் வந்தால் நீ பந்தியைக் கவனி, வராவிட்டால் நீதான் மாமன் என்றாள். மாப்பிள்ளை வீட்டாரிடமும் முன்னாலேயே சொல்லிச் சம்மதம் வாங்கினாள். சமையல்கட்டில், இலைக்கட்டுக்குப் பின்னால், ஈரத்துணியில் ஒரு மாலை தயாராக இருந்தது. அண்ணன் வந்துவிடக் கூடாதே என்று சமயபுரத்தாளிடம் வேண்டிக்கொண்டதும் உண்மை.

சமயபுரத்தாள் கைவிடவில்லை. வீரமலை அதே டீக்கடையில், கொண்டுவந்த மாலையைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தான். கூப்பிட யாரும் வரவில்லை. பந்தலிலிருந்து கெட்டிமேளம் மட்டும் வந்தது.

அவன் ஓடி வந்தபோது தாலி ஏறியிருந்தது. மணவறையில் மாமன் இடத்தில் தர்மராஜ் நின்றான். அண்ணனை எப்போதும் வா, போ என்று பேசுகிற மாரியாயி, அன்று வேற்று ஆளிடம் பேசுவதுபோல் பேசினாள்.

"வாங்க. மாமன் சடங்கு முடிஞ்சிருச்சு. பந்தியில உட்காருங்க."

அவன் முகம் கறுத்தது. "கடைசிப் பொண்ணு ஒருத்தி இருக்கால்ல? அப்ப என் வாசலுக்கு வந்துதானே ஆகணும்?"

"அதுக்கும் தர்மராஜுகிட்ட சொல்லி வச்சாச்சு."

கோபித்துக்கொண்டு போனால் இனி அந்த வீட்டில் அவனுக்கு எந்த உறவும் இல்லை. வீரமலை பந்தியில் உட்கார்ந்தான். குனிந்து இலை போடப் போன மருதையை மாரியாயி தடுத்தாள்.

"நீங்க ஒரு தடவை குனிஞ்சது போதும்" என்று அண்ணன் காதில் விழும்படி சொல்லிவிட்டு, தானே இலை போட்டு நெய்யைத் தாராளமாக ஊற்றினாள்.