பால் பொங்கிய பக்கம்

சுவிட்சர்லாந்தின் பீல் நகரக் கால்வாயில் கட்டியிருக்கும் ஒடுக்கமான பழைய படகுக்குள் குனிந்து இறங்குகிறேன். ஐந்து பேருடன் ஒரே அறையில் மூன்று வருடம் படுத்தெழும்பிய குணம் அண்ணை இன்று இதில் குடிபுகுகிறார். பலகைக் கட்டில், ஒற்றை அடுப்பு, தண்ணீர்க் கலன், அரிசி மூட்டை எல்லாவற்றையும் அவரே ஒரு பக்கமாக அடுக்கிவிட்டார்.

புதுச் சட்டியில் பால் ஏறுகிறது. அது கிழக்கே வழிந்தால்தான் அவருக்கு மனம் ஆறும். படகோ பாரத்தால் மேற்கே சரிந்து நிற்கிறது.

"ஐயோ தம்பி, மேற்குப் பக்கமெல்லே வழியப்போகுது!"

பக்கத்துப் படகில் வசிக்கும் மார்த்தா சத்தம் கேட்டு எட்டிப் பார்க்கிறார். நான் ஜெர்மனில் விஷயத்தைச் சொல்லி முடிப்பதற்குள் உள்ளே குதித்து, எங்கள் இருவரையும் இழுத்துக் கிழக்குச் சுவரோடு உட்காரவைத்து, தானும் உட்காருகிறார். படகு மெல்லச் சாய்கிறது. பால் நுரைத்துக் கிழக்கே வழிகிறது.

தினமும் தான் வந்து இப்படி உட்கார வேண்டுமா என்று மார்த்தா என்னிடம் கேட்கிறார்.

அண்ணை விழுந்து விழுந்து சிரிக்கிறார். "பாலுக்கு இண்டைக்கு மட்டும்தான் எண்டு சொல்லு தம்பி. தேத்தண்ணிக்கு ஒவ்வொரு நாளும் வரச்சொல்லு. எந்தப் பக்கமும் இருக்கலாம்."